படகில் குளிர்காலம்: ஹீட்டருக்கு முன்னால் ஈரம்

மழையே பெய்யாத இரவு. விடிந்து பார்த்தால் ஹாட்ச் (கூரைத் திறப்பின் மூடி) சட்டத்திலிருந்து நீர் சொட்டுகிறது, கண்ணாடியில் தாரை தாரையாக வழிகிறது, மெத்தையைத் தூக்கினால் அடிப்பக்கம் நனைந்திருக்கிறது. எங்கோ ஒழுகுகிறது என்று சீலன்ட் குழாயைத் தேட வேண்டாம். ஒழுகல் என்றால் மழையை ஒட்டி வரும், ஓரிடத்தில் தொடங்கித் தடம் விட்டுக்கொண்டு இறங்கும். இதுவோ உலோகம் இருக்கும் இடமெல்லாம் ஒரே நேரத்தில், குளிர் உச்சத்தில் இருக்கும்போது வருகிறது. உள்ளே படுத்திருந்தவர்கள் விட்ட மூச்சுதான் அப்படி நீராகி வழிகிறது.

படகில் குடியிருந்து குளிர்காலத்தைக் கழிக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஹீட்டரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என் கணக்கில் ஹீட்டர் மூன்றாவது. முதலில் ஈரம் வெளியேற வழி, அடுத்து வெப்பக்காப்பு, அதற்குப் பிறகுதான் சூடு. இந்த வரிசை மாறினால் எவ்வளவு டீசல் எரித்தாலும் போர்வை ஈரமாகத்தான் இருக்கும். ஈரப் போர்வைக்குள் 18 டிகிரியும் குளிரும். காய்ந்த போர்வைக்குள் 10 டிகிரியில்கூட நன்றாகத் தூங்கலாம்.

மூச்சின் கணக்கு

தூங்கும் ஒருவரின் மூச்சிலும் தோலிலுமிருந்து மணிக்குச் சுமார் 40 கிராம் நீர் காற்றில் கலக்கிறது. இருவர் 8 மணி நேரம் தூங்கினால் 640 கிராம். பத்து மீட்டர் பாய்மரப் படகின் கேபினில் 25 கன மீட்டர் காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். மொத்த கேபினுக்கும் 430 கிராம். இரவில் ஹீட்டரை அணைத்து 12 டிகிரிக்கு இறங்கிவிட்டால் 270 கிராம். எல்லாத் திறப்பையும் அடைத்துவிட்டுப் படுத்தால், எலும்பாகக் காய்ந்த காற்றோடு இரவைத் தொடங்கினாலும் விடியும்போது பாதிக்கு மேல் சுவரில்தான் இருக்கும்.

திறந்து வைத்தால் சூடு போய்விடுமே என்ற பயம்தான் பலரை எல்லாவற்றையும் அடைக்க வைக்கிறது. அதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளியே 0 டிகிரி, காற்று முழு ஈரத்தோடு இருந்தாலும் கன மீட்டருக்கு 4.8 கிராம் நீராவிதான் அதில் இருக்கும். உள்ளே 18 டிகிரி, 55 சதவீத ஈரப்பதம் என்றால் 8.5 கிராம். உள்ளே வந்து வெளியேறும் ஒவ்வொரு கன மீட்டர் காற்றும் 3.7 கிராம் நீரைச் சுமந்துகொண்டு போகிறது. இருவர் மூச்சான 80 கிராமை அகற்ற மணிக்கு 22 கன மீட்டர் போதும். அவ்வளவு காற்றை 0-விலிருந்து 18 டிகிரிக்குச் சூடேற்ற ஆகும் செலவு சுமார் 140 வாட். பழைய குண்டு பல்புகள் இரண்டு மூன்று எரிந்த செலவு, அவ்வளவுதான். வெளிக்காற்று ‘ஈரக்காற்று’ என்று நினைத்து அடைப்பது தவறு. குளிர்ந்த காற்று உள்ளே வந்து சூடானதும் காய்ந்த காற்றாகிவிடும்.

ஆனால் ஒரே ஒரு திறப்பு வேலை செய்யாது. தாழ்வாக ஒன்று, உயரமாக ஒன்று வேண்டும். இரண்டும் படகின் எதிரெதிர் முனைகளில் இருந்தால் நல்லது. படிக்கட்டுப் பலகையின் கீழ்ப்பாதியில் ஜாலி, முன் கேபின் கூரையில் மழை புகாத டோரேட் காற்றுப்பெட்டி அல்லது காளான் வடிவக் காற்றுப்போக்கி என்பது நன்றாக ஓடும் அமைப்பு. இடையில் இருக்கும் கேபின் கதவுகளின் அடியில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். லாக்கர் கதவுகளை இரவில் திறந்தே வையுங்கள். மூடிய லாக்கரில் ஹல்லை (படகின் உடற்சுவர்) ஒட்டி அடுக்கிய துணிதான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும்.

மூச்சை நிறுத்த முடியாது, மற்ற ஈரத்தைக் குறைக்கலாம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி பிறக்கிறது. எரிவாயு அடுப்பைக் குளிர்காய ஏற்றி வைப்பது கேபினுக்குள் தண்ணீர் தெளிப்பதற்குச் சமம்; அதன் இன்னொரு ஆபத்தைப் பின்னால் சொல்கிறேன். புகைபோக்கி இல்லாத எந்த எரிவாயு, மண்ணெண்ணெய் ஹீட்டருக்கும் இதே கதைதான். சமைக்கும்போது பாத்திரத்தை மூடி வையுங்கள், பிரஷர் குக்கர் இன்னும் நல்லது, அடுப்புக்கு மேலே உள்ள ஹாட்ச்சைத் திறந்துகொள்ளுங்கள். நனைந்த மேலாடையும் துண்டும் கேபினுக்குள் வரக்கூடாது. காக்பிட்டின் (மேல்தளத்தில் உள்ள திறந்த இருக்கைப் பகுதி) மேல் கூடாரத்துணி கட்டியிருந்தால் அதுவே ஈரச் சாமான்களுக்கான திண்ணை. குளியலைக் கரையில் முடித்துக்கொள்ள முடிந்தால் முடித்துக்கொள்ளுங்கள்.

கரை மின்சாரம் உள்ள இடத்தில் காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் பெரிய உதவி. வாங்கும்போது வகையைக் கவனிக்க வேண்டும். கம்ப்ரஸர் வகை 10 டிகிரிக்குக் கீழே சுருளில் பனி உறைந்து, உறைந்ததை உருக்குவதிலேயே நேரத்தைக் கழிக்கும். குளிர்ப் படகுக்கு ஏற்றது, ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த டெசிகன்ட் வகை. உறைநிலைக்குச் சற்று மேலே வரைக்கும் வேலை செய்யும், எடுக்கும் மின்சாரத்தை அப்படியே சூடாகவும் தரும். அது ஓடும்போது மட்டும் திறப்புகளைக் குறைத்துக்கொள்ளலாம். எரியும் ஹீட்டரோ அடுப்போ இருந்தால் அந்தச் சலுகையும் இல்லை. கால்சியம் குளோரைடு படிகப் பெட்டிகள் ஒரு லாக்கருக்குப் போதும், கேபினுக்குப் போதாது. சேரும் கரைசல் கவிழ்ந்தால் உலோகத்தை அரிக்கும்.

ஒரு ஈரப்பதமானி வாங்கித் தலைமாட்டில் மாட்டுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே வைத்திருப்பதுதான் குறி. 20 டிகிரியில் 60 சதவீதம் என்றால் 12 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பும் வியர்க்கும். ஆகவே அடுத்த வேலை, பரப்புகளை 12 டிகிரிக்கு மேலே வைப்பது.

எங்கே ஒட்டுவது

நீர்மட்டத்துக்குக் கீழே ஹல்லைத் தொடுவது தண்ணீர். நன்னீர் 0 டிகிரிக்குக் கீழே போகாது, கடல்நீர் சுமார் மைனஸ் 1.8-இல் உறைகிறது. மேலே உள்ள காற்றோ மைனஸ் 15 ஆகலாம். சூடான காற்று மேலே ஏறும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வெப்பக்காப்பை எங்கே தொடங்க வேண்டும் என்பது தெளிவு: கூரை, ஹாட்ச், ஜன்னல், பிறகு நீர்மட்டத்துக்கு மேலான பக்கச்சுவர். கடைசியில் தரை.

பொருள் தண்ணீர் குடிக்காததாக இருக்க வேண்டும். குளோஸ்டு செல் (மூடிய நுண்ணறைகள் கொண்ட) நைட்ரைல் ரப்பர் ஷீட், 19 அல்லது 25 மி.மீ. கனத்தில், வளைவுகளுக்கு நன்றாகப் படியும். மெத்தைக்குப் போடும் பஞ்சு நுரையும் கண்ணாடிப் பஞ்சும் வேண்டாம். இரண்டும் ஈரத்தை வாங்கிச் சுவரோடு வைத்து அழுத்திக்கொண்டிருக்கும். ஒட்டும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். நுரைக்கும் ஹல்லுக்கும் நடுவே இடைவெளி இருந்து, கேபின் காற்று அங்கே நுழைய வழியும் இருந்தால், ஈரம் அந்த மறைவிடத்தில் நீராகும். கண்ணுக்குத் தெரியாமல் பூஞ்சணம் வளரும். ஒன்று, முழுப் பரப்பிலும் பசை தடவி இடைவெளியின்றி ஒட்ட வேண்டும், விளிம்புகளை டேப்பால் மூட வேண்டும். அல்லது காற்று தாராளமாக ஓடுமளவுக்கு விட்டு நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் நடுவான அரைகுறைதான் கெடுக்கும். வெள்ளிக்காகிதம் பூசிய குமிழி ஷீட்டும் அப்படித்தான்: பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் காற்றிடைவெளி இருந்தால்தான் அதற்குப் பலன். சுவரில் அப்பிவிட்டால் அது மெல்லிய பிளாஸ்டிக் மட்டுமே.

இரும்பு, அலுமினியப் படகில் ஹல் தகட்டோடு சேர்த்து அதைத் தாங்கும் விலா எலும்பு போன்ற சட்டங்களையும் மூட வேண்டும். தகட்டுக்கு மட்டும் நுரை தெளித்து விலாவை வெறுமையாக விட்டால், கேபின் சூடு அந்த வழியே வெளியேறும், நீரும் அங்கேயே வரிசையாகச் சொட்டும்.

ஜன்னலுக்கு மலிவான தீர்வு, உள்பக்கம் இரண்டாவது தகடு: 3 மி.மீ. அக்ரிலிக் வெட்டி, சுற்றிலும் நுரை டேப் ஒட்டி, காந்தப் பட்டையோ திருகோ போட்டு நிறுத்தலாம். காய்ந்த நாளில் மாட்டுங்கள்; ஈரமான நாளில் மாட்டினால் அந்த ஈரம் குளிர்காலம் முழுவதும் உள்ளேயே இருக்கும். ஹாட்ச்சின் அலுமினியச் சட்டத்தை மறக்க வேண்டாம். கண்ணாடியைவிட அதிகம் சொட்டுவது அதுதான்.

படுக்கைக்கு ஒரு பத்தி தனியாக வேண்டும். உடல் சூட்டில் மெத்தைக்குள் இறங்கும் ஈரம் அடியில் உள்ள குளிர்ந்த பிளைவுட்டைத் தொட்டதும் நீராகிறது. பலகைச் சட்டமோ முறுக்கிய நைலான் வலைப்பாயோ பிளாஸ்டிக் ஸ்பிரிங் தட்டுகளோ போட்டு மெத்தைக்கடியில் ஒன்றிரண்டு செ.மீ. காற்றோட்டம் விடுங்கள். பலகையில் துளைகளும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று வர வழியில்லை. மெத்தை ஹல்லைத் தொடும் பக்கத்திலும் அதே வலையை நிறுத்தி வையுங்கள். காலையில் எழுந்ததும் படுக்கையை மடிக்காதீர்கள். போர்வையை விரித்து, மெத்தையை ஒரு பக்கம் நிமிர்த்தி, ஹீட்டர் ஓடும் ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள்.

சூடு

நடுத்தரப் படகுக்கு 2 முதல் 4 கிலோவாட் டீசல் காற்று ஹீட்டர்தான் இப்போது அதிகம் போடப்படுகிறது. 2 கிலோவாட் யூனிட் முழு வேகத்தில் மணிக்குக் கால் லிட்டர் டீசல் குடிக்கும், குறைந்த வேகத்தில் பாதிக்கும் கீழே. பெரியதாக வாங்கிவைத்தால் நல்லது என்று எண்ண வேண்டாம். அளவுக்கு மீறிய ஹீட்டர் எப்போதும் குறைந்த வேகத்திலேயே ஓடும். எரிப்பு அறையில் கரி படியும். ஒருநாள் வெள்ளைப்புகை விட்டு நின்றுவிடும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினால் கரி எரிந்துபோகும்.

‘ஹீட்டர் பற்றவில்லை’ என்ற புகாரில் பெரும்பங்கு ஹீட்டரின் குற்றமல்ல, வயரின் குற்றம். பற்றவைக்கும் குளோ பிளக் இரண்டு மூன்று நிமிடம் 10 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தூரம், போக வர 10 மீட்டர். 1.5 சதுர மி.மீ. வயர் என்றால் வழியிலேயே 1.2 வோல்ட் காணாமல் போகும். அதிகாலைக் குளிரில் 12 வோல்ட்டாக இருக்கும் பேட்டரி ஹீட்டருக்கு 10.8 ஆகத் தெரியும், 10.5-க்கு அருகில் வந்தால் அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். 6 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்தான். நிறுத்தும்போதும் ஒன்று: சுவிட்சை அணைத்தபின் சில நிமிடம் விசிறி ஓடிக் குளிரவிடும். அதற்குள் மெயின் பேட்டரி சுவிட்சை அணைத்தால் உள்ளே தங்கும் சூடு பாகங்களைக் கெடுக்கும்.

வாகனங்களுக்காக விற்கும் மலிவு கிட்டைப் படகில் போடுபவர்கள் சைலன்ஸரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வாகனச் சைலன்ஸர் வாயுக்கசிவு இல்லாதபடி செய்யப்பட்டதல்ல. நீர் வடிய அடியில் ஒரு துளையும் இருக்கும். சாலையில் வண்டிக்கு அடியில் அது குற்றமில்லை. படகில் அதே துளை லாக்கருக்குள் புகையைக் கொட்டும். வாயுக்கசிவற்ற படகு வகைச் சைலன்ஸர், நீர்மட்டத்திலிருந்து நன்கு உயர்ந்த வெளிப்போக்கு, அலைநீர் திரும்பி வராமல் மேலே வளைந்து இறங்கும் அன்னக்கழுத்து வளைவு, முழு நீளத்துக்கும் கண்ணாடி நார்ச் சுற்று ஆகிய இவற்றில் எதையும் விடாதீர்கள். சூடான காற்றுக் குழாயைக் குறுக்கவும் வேண்டாம். 2 கிலோவாட்டுக்குப் பொதுவாக 60 மி.மீ., 4 கிலோவாட்டுக்கு 75 முதல் 90 மி.மீ. குறுக்கினாலும் ஒவ்வொரு மூலையிலும் கூர்மையாக வளைத்தாலும் யூனிட் அதிகச் சூடாகி நின்றுவிடும். குளிர்ந்த லாக்கர்கள் வழியாகப் போகும் குழாய்க்கும் உறை போடுங்கள். உறையில்லாத நீண்ட குழாயின் கடைசியில் வெதுவெதுப்புதான் மிஞ்சும்.

புகைபோக்கியுடன் கூடிய சொட்டு டீசல் அடுப்புக்கு மின்சாரமே வேண்டாம், சத்தமும் இல்லை. நாள் முழுக்க ஓரிடத்தில் நிற்கும் படகுக்கு என் தேர்வு அதுதான். அதன் உயிர் புகைபோக்கியின் உயரத்தில் இருக்கிறது. தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்ச உயரத்தைக் குறைத்தால் பலத்த காற்றில் புகை கீழிறங்கும். விறகு அடுப்பு வைத்திருப்பவர்கள் ஈர விறகை எரிக்க வேண்டாம். குழாயில் தார் படிந்து ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். அள்ளிய சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் வெளியே வையுங்கள். அணைந்ததுபோல் தெரியும் கங்கும் கார்பன் மோனாக்சைடு விடும்.

டீசலையும் கவனியுங்கள். கோடையில் நிரப்பிய டீசல் கடுங்குளிரில் மெழுகு கட்டி வடிகட்டியை அடைக்கும். குளிர் தொடங்கும் முன்பே குளிர்கால டீசலால் டேங்க்கை நிரப்பி வைத்தால் மெழுகும் இல்லை, காலியிடத்தில் நீர் ஊறுவதும் குறையும். எரிவாயுவிலும் அப்படியே: பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டி ஆவியாகாமல் நின்றுவிடும், புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். காலையில் அடுப்பு மங்கினால் சிலிண்டர் காலி என்று முடிவு கட்டும் முன் எந்த வாயு என்று பாருங்கள்.

எந்தச் சூடானாலும் கூரையில்தான் போய் நிற்கும். தலைக்கு 24 டிகிரி, காலுக்கு 12 என்பது படகில் சாதாரணம். அரை ஆம்பியர்கூட எடுக்காத ஒரு 12 வோல்ட் விசிறியைக் கூரையருகே கீழ்நோக்கி ஓடவிட்டால் பாதி வேறுபாடு போய்விடும். தரையில் குளோஸ்டு செல் நுரைப் பாய், அதன்மேல் எடுத்துக் காயவைக்கக்கூடிய கம்பளம்.

கார்பன் மோனாக்சைடு

மணமில்லை, நிறமில்லை. காற்றின் எடைதான் இருக்கும், ஆகவே கேபின் முழுவதும் பரவும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்று தொடங்கும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. சூட்டுக்காக எரிவாயு அடுப்பை ஏற்றி வைக்கக்கூடாது என்று சொன்னதன் பெரிய காரணம் இதுதான். படகுகளுக்கான ஈஎன் 50291-2 தரம் அச்சிட்ட அலாரத்தை ஒவ்வொரு படுக்கை அறையிலும் படுத்த தலையின் உயரத்தில் பொருத்துங்கள். வாராவாரம் பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். சமையல் எரிவாயு அலாரம் வேறு: அந்த வாயு காற்றைவிடக் கனம், பில்ஜில், அதாவது படகின் அடிக்குழியில், தேங்கும், அதன் சென்சார் தாழ்வாக இருக்க வேண்டும். உங்கள் படகில் எதுவும் எரியாதபோதும் அலாரம் அடித்தால் நம்புங்கள். பக்கத்துப் படகின் ஜெனரேட்டர் புகை கூடாரத்துணிக்குள் நுழைந்திருக்கலாம். உடனே வெளியேறி, காற்றைத் திறந்துவிட்டு, பிறகு காரணம் தேடுங்கள்.

கரை மின்சாரம்

16 ஆம்பியர், 230 வோல்ட் இணைப்பில் கிடைப்பது சுமார் 3.7 கிலோவாட். 1.5 கிலோவாட் ஹீட்டர் இரண்டு ஓடும்போது கெட்டிலைப் போட்டால் பிரேக்கர் விழும். விழுவது நல்லதுதான். ஆபத்து, விழாமல் சூடேறும் பிளக்கில் இருக்கிறது. உப்புக் காற்றில் பச்சை பிடித்த பின்னில் 0.1 ஓம் தடை இருந்தாலே 13 ஆம்பியரில் 17 வாட் சூடு அந்தச் சின்னப் பிளாஸ்டிக்குக்குள் உருவாகும். ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடியபின் இரு முனை பிளக்குகளையும் வெளியிலிருந்து தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியவில்லை என்றால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மாற்றுங்கள். மிச்ச வயரைச் சுருளாகச் சுற்றி வைக்காதீர்கள். விசிறி ஹீட்டரைவிட எண்ணெய் ரேடியேட்டர் நல்லது, ஆனால் அலையில் உருளாதபடி கட்டி வையுங்கள்.

தண்ணீர், எஞ்சின், பேட்டரி

உறையும் நீர் 9 சதவீதம் பெருகுகிறது, எதையும் பிளந்துவிடும். குடியிருக்கும் கேபின் உறையாது, எஞ்சின் அறையும் வெளிப்பக்க லாக்கரும் உறையும். குடிநீர்க் குழாய்கள் ஓடும் லாக்கர்களின் கதவைத் திறந்து வையுங்கள். டேங்க்கை நிரப்ப மிதமான நாளைத் தேர்ந்து, நிரப்பியதும் ஹோஸை வடித்துச் சுருட்டி உள்ளே வைத்துவிடுங்கள்.

எஞ்சினின் கடல்நீர்ப் பக்கத்துக்கு: சீகாக்கை (கடல்நீர் உள்ளே வரும் வழியின் வால்வு) மூடி, வடிகட்டி மூடியைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, உறைவதைத் தடுக்கும் ஆன்டிஃப்ரீஸ் திரவத்தை ஊற்றிக்கொண்டே வாருங்கள், புகைக்குழாயில் அதே நிறம் வந்ததும் நிறுத்துங்கள். டப்பாவில் உள்ள பெரிய மைனஸ் எண் குழாய் வெடிக்காத எல்லை, அதுவும் கலக்காத நிலையில். உள்ளே மிஞ்சிய நீரோடு கலந்தால் குறையும், எனவே தாராளமாக ஊற்றுங்கள். வெளியேறுவது நீரில் கலக்கும், குடிநீர்க் குழாயிலும் இதையே ஊற்றுவோம் என்பதால் புரொப்பிலீன் கிளைக்கால் மட்டும். எத்திலீன் கிளைக்கால் நஞ்சு.

முழு சார்ஜில் உள்ள ஈய அமில பேட்டரி எந்தக் குளிரையும் தாங்கும். இறங்கிய பேட்டரி மைனஸ் 10-ஐ ஒட்டி உறைந்துவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது, செல் நிரந்தரமாகக் கெடும்.

பனி விழுந்த பிறகு

மேல்தளப் பனியை அன்றன்றே பிளாஸ்டிக் மண்வாரியால் தள்ளிவிடுங்கள். அது வெறும் அழகுக்கல்ல. பனியின் எடையில் படகு தாழும்; வழக்கமாக நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் ஒரு வெளியேற்றுக் குழாய் நீருக்குள் போகும்; அதில் திரும்பி வராமல் தடுக்கும் வளைவு இல்லையென்றால் நீர் மெல்ல உள்ளே ஏறத் தொடங்கும். காக்பிட் வடிகாலில் பனிக்கட்டி அடைத்திருந்தால் உருகும் நீரும் சேர்ந்துகொள்ளும். பில்ஜ் பம்பின் மிதவைச் சுவிட்சைக் கையால் தூக்கிச் சோதித்துப் பாருங்கள், அதுவும் உறைந்திருக்கலாம்.

படகுத்துறைப் பலகையில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் இருக்கும். உறைகுளிர் நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கு வராது, வாய் தானாகத் திறந்து இழுக்கும்; அடுத்த பத்து நிமிடத்துக்குள் கைவிரல்கள் சொன்னதைக் கேட்காது. ஆகவே தானாகக் காற்று நிரம்பும் லைஃப் ஜாக்கெட்டைக் கழிப்பறைக்குப் போகும்போதும் போட்டுக்கொள்ளுங்கள். ஏணி, நீரில் இருப்பவர் கையாலேயே இழுத்து இறக்கக்கூடியதாகவும், இரண்டு படியாவது நீருக்குள் இறங்குவதாகவும் இருக்க வேண்டும். இறக்கும் கயிறு பனியில் உறைந்து ஒட்டியிருக்கிறதா என்று தினமும் மாலையில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.